அக்கா வீட்டருகே வளைந்த சாலை

ரங்கூனில் ஏழு வருஷம் வரைபடம் போட்டுவிட்டு நான் காரைக்குடிக்குத் திரும்பியபோது முப்பது வயது தாண்டியிருந்தது. கல்லல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை இருந்தது. கடலை போட்டுப் பிழைத்திருக்கலாம். ஆனால் வரப்பில் நின்றால் அது ஏன் இப்படிக் கோணலாகப் போகிறது என்றுதான் தோன்றும். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை.

அந்தக் கோளாறு ரங்கூனில் பிடித்தது. அங்கே ஆற்றங்கரையிலிருந்து தெருக்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நேராக ஓடும். தெருவுக்குப் பேர் தேவையில்லை, எத்தனாவது தெரு என்று சொன்னால் போதும். ஆபீஸில் உலகத்து ஊர்களின் வரைபடங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. பாரிஸில் பழைய நெருக்கடிக்கு நடுவே அகலமான சாலைகளை அறுத்துவிட்டிருந்தார்கள். நியூயார்க் சதுரங்கப் பலகை மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றின் மேல் மெழுகுத்துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை அப்படியே வரைவேன். அந்தக் கோடுகள் போன வழியில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. படத்தில் ஆள் தெரியாது.

காரைக்குடிக்கு ரயில் வரப்போகிற சமயம் அது. ஸ்டேஷனிலிருந்து சந்தைக்கு ஒரு சாலை போட வேண்டும் என்றார்கள். ரங்கூனில் வேலை பார்த்தவன் என்பதால் என்னை அளவு எடுக்க வைத்துக்கொண்டார்கள். செட்டியார்கள் வீதிகளில் எனக்கு வேலை இல்லை. அங்கே ஒரு வீட்டின் வாசல் ஒரு தெருவிலும் அதன் பின்கட்டுக் கதவு அடுத்த தெருவிலும் இருக்கும்படி எப்போதோ நேராக வகுத்துவிட்டார்கள். என் வேலை அதற்கு வெளியே, வண்டித்தடம் இஷ்டத்துக்குச் சுற்றிப் போகிற செம்மண் மேட்டில்.

அளவுச் சங்கிலி பிடிக்க எனக்கு மானகிரிக்காரர் ஒருவர் துணை. மூன்றாம் நாள் காலையில் அவர் தூரத்திலிருந்து கத்தினார்.

"சார், இங்குட்டு நட்ட கொடி உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியல."

"எப்படித் தெரியும்? நடுவுல ஒரு வீடு மறைக்குதுல்ல. யார் வீடுன்னு பாருங்க."

பார்த்தேன். என் அக்கா வீடு.

மச்சான் இறந்த பிறகு அக்கா இரண்டு பால்மாடு வைத்துப் பிழைத்தாள். செம்புறாங்கல் அடுக்கிக் கட்டிய அந்த மூன்று அறை வீட்டின் சுவரில் பாதிக்கு மேல் அவளே மண் குழைத்துப் பூசியது. வடக்கே ஊருணி. தெற்கே புறம்போக்கில் ஆறு குடிசைகள். பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைக்கப் போகிறவர்கள் அவற்றில் இருந்தார்கள். என் கோடு ஊருணிக்கும் குடிசைகளுக்கும் நடுவே, அக்காவின் அடுப்பங்கரை வழியாகப் போனது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"கோடு போடுறது நீதானே தம்பி?"

"ஆமா."

"அப்ப ஊருணிப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போடு."

"ஊருணிக்குள்ளயா சாலை போடுவாக?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இந்த வீட்டை விட்டா எனக்கு வேற எங்கயும் படுக்கப் பிடிக்காது." கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவள் காளையார்கோவிலுக்குக் கிளம்பினாள். அங்கே கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவ நேரம். மாடுகளைப் பக்கத்துக் குடிசைப் பெண் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் நான் அந்த மேட்டிலேயே அலைந்தேன். அளந்ததையே திரும்ப அளந்தேன். முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பேன், மறுபடி பிடுங்குவேன். மானகிரிக்காரர் சங்கிலியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். கடைசியில் கோட்டைத் தெற்கே வளைத்தேன். நேர்வழியில் தரைக்கு அடியில் பாறை இருப்பதாகவும், உடைத்தால் வேலை நாளாகும் என்றும் அறிக்கையில் எழுதினேன். அங்கே பாறையே இல்லை. இன்ஜினியர் என் எழுத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

குடிசைக்காரர்களுக்குப் பட்டா கிடையாது. ஒரு வாரத்துக்குள் போகச் சொன்னார்கள். அக்காவின் மாடுகளைப் பார்த்துக்கொண்ட பெண் என்னிடம் வந்தாள்.

"ஐயா, நேரா போகும்னு நீங்க சொன்னீகன்னு சங்கிலிக்காரர் சொன்னாரே. இப்ப எங்க மேல ஏறுதே, ஏன்?"

"கீழே பாறை இருக்கு" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் அங்க அடுப்புக்கு மண்ணு வெட்டிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். குடிசையைப் பிரிக்கிற நாள் வரையில் இரண்டு வேளையும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினாள். அதற்குப் பிறகு சந்தைப்பக்கம் ஒரு மரத்தடியிலிருந்து நடந்துவந்து காட்டினாள்.

பிரசவமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தபோது சரளை கொட்டியாகிவிட்டது. நான் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். சந்தோஷப்படுவாள் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். அவள் மூட்டையை இறக்காமல் தெற்கே பார்த்தபடி நின்றாள்.

"அவுகள்லாம் எங்க?"

சொன்னேன்.

"என் மாட்டைப் பாத்துக்கிட்டவளையா?"

"நீதானே தள்ளிப் போடச் சொன்ன?"

"ஊருணிப் பக்கம்னு சொன்னேன். அங்க முடியாதுன்னா இந்தப் பக்கம்தான்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் நெனைக்காம ஊருக்குப் போயிட்டேன்." குரல் உயரவில்லை. "நீ என்ன செஞ்ச? ஒரு காயிதம் எழுதி என்னைக் கேட்டியா?"

அவள் மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுச் சந்தைப்பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். வெயில் கொளுத்தியது. இரண்டு குடும்பங்கள்தான் கிடைத்தன. மற்ற நான்கும் எங்கே போயின என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. கல்லல் பக்கம் என்றாள் ஒருத்தி, இல்லை இன்னும் தெற்கே என்றான் அவள் புருஷன்.

அந்த இரண்டு குடும்பமும் அக்காவின் கொல்லையில் குடிசை போட்டன. நான் கூரைக்குப் பனங்கை தூக்கினேன், ஓலை கட்டினேன். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொண்ட பெண் ஓலையை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அக்கா எனக்குச் சோறு போட்டாள். பேசவில்லை.

அடுத்த வாரம் இன்ஜினியரிடம் போய்ப் பாறை பொய் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாலை போட்டாச்சு. இப்ப சொல்லி என்ன ஆகணும்?"

"நாலு குடும்பத்துக்கு எங்கயாவது இடம் விடணும்."

"எங்கே இருக்காங்கன்னு உமக்குத் தெரியுமா?"

தெரியாது. அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சாலை வேலையிலிருந்து எடுத்துச் சாக்கடை வெட்ட அளவெடுக்கும் வேலைக்குப் போட்டார். கல்லலுக்கு நான் நாலைந்து தடவை போய் விசாரித்தேன். ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். களத்துமேட்டில் ஒரு சாய்ப்புக் கூரையின் கீழ் இருந்தார்கள். திரும்பி வர இஷ்டமில்லை என்றார்கள். மற்ற மூன்றின் தகவல் கடைசி வரை கிடைக்கவில்லை.

சாலையில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. ரயில் பிடிக்கப் போகிறவர்கள் அந்த வளைவில் வண்டி குலுங்கும்போது, எந்தக் குருடன் அளந்தான் என்று திட்டுவதை நானே வண்டியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அக்கா நாலு மாதம் கழித்து ஒரு நாள், "மோர் குடிக்கிறியா?" என்றாள். அதற்குப் பிறகு சாதாரணமாகப் பேசினாள், சாலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

சாக்கடைக்கு அளக்கப் போன முதல் தெருவில் நான் சங்கிலியை விரிக்கச் சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எவ்வளவு நாளாக என்று எழுத ஆரம்பித்தேன். மானகிரிக்காரர் கொட்டாவி விட்டார். ஏழாவது வீட்டில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் பேர் சொல்ல மறுத்துவிட்டாள்.

"எழுதிக்கிட்டுப் போயி என்ன செய்வீக?"

"தெரியல" என்றேன்.

"தெரியாம எதுக்குக் கேக்குறீக?"

குழந்தை என் பென்சிலைப் பிடித்து இழுத்தது. விடுவித்துக்கொண்டு, வீட்டின் அகலத்தை மட்டும் குறித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.