ரோஸ் நிறச் சுருள்கள்

அடுப்படியில் மைதாப் பசை வாசனை. வாசலுக்குத் திரை செய்யப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் வேண்டுமென்றாள் மகள்.

தாம்பரம் வீட்டில் அம்மாவும் நானும் இப்படித்தான் பத்திரிகைகளை நறுக்கி, ஈர்க்குச்சியில் சுருட்டி ஒட்டி, திரையாகக் கோத்தோம். ஒரு ஞாயிறு காலை அப்பா, ஆபீஸ் நண்பர் மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிப் பத்திரிகையைத் தேடினார்.

"பல்லாவரத்துல எந்த மண்டபம்?"

அம்மா திரையிலிருந்த ரோஸ் நிறச் சுருள்களைப் பார்த்தாள்.

அப்பா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பதினோராவது சுருளில் மண்டபத்தின் பெயர் இருந்தது. நாங்கள் போனபோது கடைசிப் பந்தி.

சாப்பிட்டதும் அப்பா நண்பரிடம் தயங்கிக் கேட்டார்: "பத்திரிகை மிச்சமிருந்தா நாலு குடுங்க சார். வீட்ல திரை பாதியில நிக்குது."

மகளிடம் கொடுக்குமுன் ஒவ்வொரு பத்திரிகையிலும் தேதியைப் பார்த்தேன். அப்பாவின் பொறுமை எனக்குக் கிடையாது.