பாறைப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

எண்பதுகளில் புதூர்நாட்டுத் திருவிழாக் கச்சேரிக்கு ஜீப்பில் மலையேறிய குலுக்கலில், என் ஆம்ப்ளிஃபயரில் எதிரொலி தரும் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. அது இல்லாமல் எலெக்ட்ரிக் கிதார் தகரம் தட்டுவதுபோல் ஒலித்தது. கூட்டமோ உட்கார்ந்துவிட்டது.

மைக்செட்காரர் ஒல்லியான மனிதர். எதையும் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்பார். என் புலம்பலையும் அப்படியே கேட்டுவிட்டு மரத்தில் ஏறி, ஒரு குழாய் ஸ்பீக்கரை எதிரிலிருந்த பாறைப் பக்கம் திருப்பினார்.

"வாசிங்க சார்."

வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் பாறையில் பட்டு மெல்லத் திரும்பி வந்தது.

"இன்னா சார், இவ்ளோ போதுமா? இன்னும் திருப்பட்டா?"

"போதுங்க, போதும்!" எனக்கு உயிர் வந்தது.

கச்சேரி முடிந்ததும், "எப்படிங்க தெரிஞ்சுது?" என்றேன்.

"ஆடு காணாப்போனா இங்க நின்னுதான் கூப்புடுவேன். பாறைதான் பதில் சொல்லும்."

ஆடு கிடைத்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.