பட்டுத் துணிக்குள் இருந்த கல்

அந்தச் செங்கல் எங்கள் வீட்டில் இருக்கும்வரை ஒரு குறையும் வராது என்று குடும்பமே நம்பியது. எங்கள் பர்மிய ஊரின் ஆற்றுக்கு அக்கரையில், தான்லின் மேட்டில், பல தலைமுறைகளுக்கு முன் ஐரோப்பியத் துறவியர் கட்டிய மடத்துக் கோயில் இடிந்து நிற்கிறது. கூரை எப்போதோ போய்விட்டது. வளைவு வாசலும் வேர் பிளந்த சுவர்களுமே எச்சம். நான் சிறுமியாக இருந்தபோது அங்கே ஜெபிக்கப் போன அப்பா, சுவரடியில் உதிர்ந்து கிடந்த கல்லொன்றை எடுத்துவந்து, சிவப்புப் பட்டில் சுற்றி, மாதா படத்தின் கீழ் வைத்தார். அதன் பிறகு அப்பா அந்த முடிச்சை அவிழ்த்ததில்லை.

சித்தி மட்டும் அதன் பக்கம் போகவே அஞ்சினார். சித்தப்பாவை மணந்து வந்த பர்மியப் பெண் அவர்; புத்தரை வணங்குபவர். அப்பாவைப் பர்மிய வழக்கப்படி 'ஆகோ', அதாவது அண்ணா, என்றே அழைப்பார்; துறவியரைப் 'பொங்கி' என்பார்.

"பொங்கிங்க சொத்து, ஆகோ. எந்தச் சாமியோட பொங்கியா இருந்தா என்ன? மடத்து மண்ணு கால்ல ஒட்டினாக்கூட உதறிட்டுத்தான் வரணும்."

அப்பா சிரித்தார். "வேளாங்கண்ணிக்குப் போனவன் கைப்பிடி மண்ணு இல்லாம வீடு திரும்புவானாம்மா? ஒரு கல்லுக்காகச் சாமியாரு போலீசுக்கா போவாரு?"

சித்தி பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து அப்பா கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, அந்த மூட்டையை மார்பில் அணைத்தபடியே தேறினார். கல்தான் காத்தது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சித்தி தம் கடைசி நோயில்தான் என்னிடம் சொன்னார். அப்பா கல்லைக் கொண்டுவந்த சில நாள்களிலேயே அவர் அதைத் தான்லினுக்கு எடுத்துப்போய், அந்தச் சுவரடியிலேயே வைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பட்டுக்குள் இருப்பது எங்கள் தெருமுனை ரயில் பாதையோரம் பொறுக்கிய வேறொரு செங்கல்.

"பொங்கிகிட்ட கடன் தீர்த்தேன். ஆகோவை ஏமாத்திட்டேன். அந்த மூட்டையைப் பாக்கவே முடியல, மகளே. சொல்லிடட்டுமா?"

அப்பாவின் முதுமையை எண்ணி, வேண்டாம் என்றேன். சித்தி தலையசைத்தார். அந்தச் சுமையோடே கண்ணை மூடினார்.

சித்தியைத் தகனத்துக்கு எடுக்கும் வேளையில், அப்பா தள்ளாடியபடி மூட்டையுடன் வந்தார். தம்மிடம் இருந்ததிலேயே உயர்ந்ததைச் சித்தியின் காலடியில் வைக்க விரும்பினார். "அவளுக்குத் துணையாப் போகட்டும்." எதைப் பார்க்கக் கூசிச் சித்தி வாழ்ந்தாரோ, அதையா அவரோடு அனுப்புவது? நான் அப்பாவின் கையைப் பற்றித் தடுத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "புத்தரைக் கும்பிட்டவள்னுதானே தடுக்கிறே?"

இல்லை என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். அப்படியே நினைக்கட்டும் என்று, மூட்டையை வாங்கி மாதா படத்தின் கீழ் திரும்ப வைத்தேன்.

இப்போதும் மாலைதோறும் அப்பா அந்தப் பட்டு மூட்டையின் முன் மெழுகுவத்தி ஏற்றுகிறார். சித்தியின் பெயரையும் சேர்த்தே ஜெபிக்கிறார். அந்தப் பெயர் வரும்போது என் பக்கம் திரும்புவதில்லை. வீட்டில் இப்போது நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம்.