நான் தூக்கிய வீடியோக்கள்

அடுத்தவர் போட்ட வீடியோவைத் தூக்குவதுதான் என் தொழில். ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நிகழ்ச்சியின் துண்டை யார் சமூக ஊடகத்தில் போட்டாலும் கணினி கண்டுபிடித்துப் பட்டியல் தரும். நான் புகார் பொத்தானை அமுக்குவேன். மூன்று புகார் சேர்ந்தால் அவருடைய பக்கமே மூடப்படும். உங்கள் வீடியோ எப்போதாவது காணாமல் போயிருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது.

யார் வீட்டு டிவி

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பெரியவர் எங்கள் நாடகத்தைத் தன் டிவியிலிருந்து கைபேசியில் படமெடுத்துப் போட்டிருந்தார். வசனத்தைவிட அவர் வீட்டு மின்விசிறிச் சத்தம்தான் அதிகம். தூக்கினேன். அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டார். சட்டத்தை விளக்கினேன், பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, என் வீட்டு டிவியதான படம் புடிச்சேன்? உங்க வீட்டுக்குள்ள வந்தா புடிச்சேன்?”

சுறுசுறுப்பு

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது வீடியோவைத் தூக்கிவிட்டு, பக்கத்து மேசை கவிதாவிடம் பெருமையடித்தேன். அவள் பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ அண்ணே, இதுல பாதி நம்ம விளம்பரப் பிரிவு போட்டதுலா!”

அச்சுமுறுக்கு

கெலுகோரில் இருக்கும் என் அக்கா, எங்கள் சமையல் நிகழ்ச்சியில் அச்சுமுறுக்கு சுட்டுக் காட்டியவர். அந்தத் துண்டுகளைத் தன் பக்கத்தில் போட்டிருந்தார். தீபாவளி ஆர்டரெல்லாம் அங்கேதான் வரும். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கம் மூடிவிட்டது. “எந்தப் பாவியோ புகார் கொடுத்துட்டான்டா” என்று போனில் அழுதார். பெயரைப் பார்க்காமல் மொத்தமாக அமுக்குகிற பாவி எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான்.

மேலாளரிடம் ஓடினேன். “புகாரைத் திரும்ப வாங்கினால் நாம் தப்பு செய்த மாதிரி ஆகிடும்” என்றார். “நாம இல்லை மேடம், நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் பக்கம் திரும்பிவிட்டது. நிம்மதியாகக் கெலுகோருக்குப் போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் காட்சி சட்டப்படி எங்களுக்குத்தான் சொந்தம் என்றும் விளக்கினேன். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அக்கா அடுப்பைக் குறைத்தார்.

“மூஞ்சி என்னுது, கை என்னுது, முறுக்கு என்னுது. இதுல உங்களுது என்னடா?”

கேமரா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், புகார் பொத்தானை அமுக்கும் சக பாவிகளே, கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்பவரிடம் காப்புரிமை பேசக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே சட்டம்.