யாழினியின் எலும்பும் நாலுரோட்டு சிக்னலும்

என் மகளின் தலைக்கட்டின் மேல் நீல மையால் 'எலும்பு இல்லை' என்று எழுதியிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் படித்தேன். ஒரு நர்ஸ் மற்ற நர்ஸுகளுக்காக எழுதிய எச்சரிக்கை அது. இந்தப் பக்கம் தலையைச் சாய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள் என்று பொருள். தாய் படிப்பாள் என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார்.

யாழினிக்கு அப்போது ஆறு வயது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நெடுநேரம் நின்று நொந்து வரும் வண்டிகள், போன நேரத்தைப் பிடிக்க எங்கள் ஊர் நாலுரோட்டில்தான் வேகமெடுக்கும். பள்ளி வேன் அவளை எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். தினமும் நான் போய் அழைத்து வருவேன். சம்பா அறுவடைக் காலம். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லுக்கு ஒதுங்கிய சரக்கு வண்டி எங்கள் மேல் வந்தது.

அவள் கை என் கையில்தான் இருந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தால் என் பக்கம் இழுத்திருப்பேன். விட்டிருந்தால் அவளே பின்னால் குதித்திருப்பாள். இரண்டையும் இன்றுவரை மாற்றி மாற்றி நினைக்கிறேன். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்குத் தலையின் இடது பக்கம்.

தஞ்சாவூரில் மருத்துவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "மூளை வீங்கிட்டே போகுதும்மா. மண்டையோடு மூடி போட்ட டப்பா மாதிரி, உள்ள இடமில்ல. ஒரு பக்கத்து எலும்பை எடுத்துட்டா மூளை நசுங்காது." இதற்குக் கிரேனியெக்டமி (மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி, வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்கும் அறுவைச் சிகிச்சை) என்று பெயர்.

"எடுத்த எலும்பை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அவ வயித்துத் தோலுக்கு அடியிலேயே வச்சுத் தைச்சிருவோம். சொந்த உடம்புக்குள்ள இருந்தா கெடாது. வீக்கம் வடிஞ்சதும் எடுத்துத் தலையில பொருத்திரலாம்."

பக்கத்தில் இருந்த என் அத்தை, கணவரின் அம்மா, "தலை எலும்பையா? வயித்துலயா? புள்ளைக்குச் சோறு இறங்குமா டாக்டர்?" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. "இறங்கும்மா. சோறு போற வழி வேற" என்றார்.

அறுவை முடிந்த மறுநாள், ஊரில் யாழினி இறந்துவிட்டாள்.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஆம்புலன்ஸ்காரர் டீக்கடையில் உதட்டைப் பிதுக்கினார் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் பிளக்ஸ் வந்துவிடும். சாயங்காலத்துக்குள் நாலுரோட்டில் இரண்டு நின்றன, ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு அதைவிட ஒரு முழம் உயரமாக ஒன்று. மேல் வரிசையில் அவரவர் தலைவர்கள். கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தும், ஆண்டுவிழாவில் மயில் வேடம் போட்ட என் மகளும். அதற்கும் கீழே 'இன்னும் எத்தனை உயிர் வேண்டும்? உடனே சிக்னல் அமை!' மறியல் நடந்து, பேருந்துகள் வெகுதூரம் வரிசை கட்டின. அதிகாரிகள் வந்து சிக்னல் தருவதாகச் சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

என் கணவர் அப்போது குவைத்தில் வேலையில் இருந்தார். குழந்தைக்கு அடி, ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். என் அடுத்த அழைப்புக்கு முன் அந்தப் பிளக்ஸின் படம் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது, 'மச்சான், மனசைத் தேத்திக்க' என்ற வரியோடு. நான் அழைத்து, "உயிரோட இருக்கா, உயிரோடதாங்க இருக்கா" என்று கத்தினேன். "எங்கிட்ட மறைக்காத" என்றார். ஊர் வந்து இறங்கி, கண்ணாடிக்கு உள்ளே போய், போர்வையை விலக்கி அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வென்டிலேட்டரை (செயற்கைச் சுவாசக் கருவி) எடுத்த பிறகு அவள் கண் திறந்தாள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் இல்லை. இதை அஃபேசியா (மூளையில் சொல் இருக்கும் பகுதி அடிபட்டு, சொல்ல நினைப்பது வாய்க்கு வராமல் போவது) என்றார்கள். "திரும்பி வரும். ஆனா பயமுறுத்தாதீங்க, கூட்டத்துல வைக்காதீங்க. மறுபடி எலும்பு வைக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் தோல்தான் மூளைக்குக் காவல்" என்றார் மருத்துவர்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால், ஒன்று சொல்கிறேன். வீக்கம் வடிந்ததும் எலும்பில்லாத பக்கம் குழி விழும். அழும்போது மேலே எழும்பும், படுத்தால் ஒருவிதம், உட்கார்ந்தால் ஒருவிதம். முதலில் பார்த்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பழகிவிடும். பயம் மட்டும் பழகாது.

வீடு திரும்பிய அன்று மழை. கார் நாலுரோட்டில் தேங்கி நின்றது. கொள்முதல் நிலையத்து வாசலில் அடுக்கிய நெல் மூட்டைகளின் மேல் அந்தப் பிளக்ஸ்களில் ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். அவள் முகத்தில் மழைத்தண்ணீர் குளம் கட்டியிருந்தது. டீக்கடையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"சிக்னல் போட்டுக் கிழிச்சாங்க. கரண்டு போனா என்ன பண்றது?"

"நீ வெத்தலைப் பல்லைக் காட்டிக்கிட்டு நில்லு. செவப்புன்னு எல்லாரும் நிப்பாங்க."

சிரித்தார்கள். மடியில் இருந்த யாழினியும், அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு, ஒரு பக்க உதட்டால் சிரித்தாள்.

சிக்னல் வரவில்லை. பொறியாளர் ஒருவர் ரவுண்டானாதான் சரி என்றாராம். அதற்கு மூலை நிலங்களை எடுக்க வேண்டும். ஒரு மூலை எங்களுடையது. புறவழிச்சாலைக்கு ஏற்கனவே ஒரு துண்டு போய், இழப்பீட்டு வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. யாழினிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே என் மாமனார் சொன்னார். "ரவுண்டானாவெல்லாம் வேணாம். இன்னும் ஒரு மா நிலம் போச்சுன்னா நாம வரப்புலதான் நடணும். சிக்னல் போதும்." கையில் பேத்தியின் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் பேத்தியை நேசிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் கோபம்.

ஒரு நாள் யாழினி 'தண்ணி' என்றாள். அடுத்த வாரம் 'அம்மா', 'பூனை', 'போ'. ஒவ்வொரு சொல்லும் வெளியே வரும்போது நெற்றி சுருங்கும். அந்த நாட்களில்தான் ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் குணசேகரன் வந்தார். எங்கள் தெருக்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தாலுகா ஆபீஸ்ல பேச்சுவார்த்தை வச்சிருக்காங்கம்மா. பாப்பாவைக் கொண்டாந்து ஒரு தடவை காட்டிட்டா போதும். அதிகாரி கண்ணால பாக்கணும்ல."

கூட்டத்தில் வைக்காதீர்கள் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "ஊருக்கு ஒரு நல்லது நடக்குறப்ப" என்று ஆரம்பித்தார். மாமனார், "போயிட்டு வந்துரும்மா" என்றார். பெரியவர்கள் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. கம்பளித் தொப்பி போட்டு அழைத்துப் போனேன்.

அதிகாரி கோரிக்கை மனுவைப் புரட்டினார். "உயிர்ச்சேதத்துல இந்தப் பாப்பா பேரும் இருக்கே. இதுதானே அது?"

"அன்னைக்கு இருந்த நிலைமைக்கு எழுதுனது சார்" என்றார் குணசேகரன்.

"உயிரோட இருக்குறவங்களை இதுல சேர்க்க முடியாதுங்க. சிக்னல்னா சாவு எத்தனைன்னுதான் மேல கேப்பாங்க."

"காயத்தைப் பாருங்க சார், நீங்களே சொல்லுங்க." குணசேகரன் என் பக்கம் திரும்பினார். "தொப்பியை எடும்மா."

எடுத்தேன். அறையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் போனை உயர்த்தினார். யாழினி பயந்து அழுதாள். அழுததும் அந்த இடம் மேலே எழும்பித் துடித்தது. "அய்யய்யோ" என்றது ஒரு குரல். அசையும் இடது கையால் அவள் அதை மூடிக்கொண்டாள். விரல்கள் சிறியவை, மூட முடியவில்லை. அதிகாரி முகத்தைத் திருப்பி, "நல்லாத்தானே தேறி வருது. கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. 'தண்ணி' கூடப் போய்விட்டது. டம்ளரைக் கையால் தட்டிக் காட்டுவாள். மருத்துவரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "சரி, முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்று மட்டும் சொன்னார்.

எலும்பைத் திரும்ப வைக்கத் தேதி குறித்திருந்த நேரத்தில் குணசேகரன் போன் செய்தார். குரலில் உற்சாகம். "தங்கச்சி, சிக்னல் இனி உறுதி."

"எப்படிண்ணே?"

"செல்வி அடிபட்டுப் போச்சும்மா. நாலுரோட்டுலதான். நடவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்த புள்ள. அந்த இடத்துலயே முடிஞ்சிருச்சு. இனி மேல எவனும் சாவு இல்லைன்னு சொல்ல முடியாது."

செல்வி எங்கள் வயலிலும் நடவு நட்டவள்தான். காலனியில் வீடு. இரண்டு பிள்ளைகள். அவளுக்கு எந்தக் கட்சியும் பிளக்ஸ் வைக்கவில்லை. போனைக் கீழே வைத்ததும் எனக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை. இனி யாழினியைக் கேட்டு வரமாட்டார்கள் என்ற நிம்மதி. இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். இதே பாதையில் போகும் யாருக்காவது இப்படி ஒரு நிம்மதி வந்தால், தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

கிரேனியோபிளாஸ்டி (எடுத்த எலும்பைப் பழைய இடத்தில் பொருத்துதல்) நல்லபடி முடிந்தது. வயிற்றில் ஒரு கோடு, தலையில் ஒரு வளைவு. மயக்கம் தெளிந்து சில நாட்கள் கழித்து, என் கை வழக்கம்போல அவள் தலையைக் காவல் காத்தபோது, "கைய எடும்மா, கனக்குது" என்றாள். அடிபட்ட பிறகு அதுவரை அவள் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசியதில்லை.

சிக்னல் வந்துவிட்டது. திறப்புவிழாவுக்கு எங்களை அழைத்தார்கள். போகவில்லை. யாழினி இப்போது மறுபடி பள்ளிக்குப் போகிறாள், ஒரு வகுப்பு கீழே. வலது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். நடப்பவர்களுக்கான பச்சை, நல்ல கால் உள்ளவர்களுக்கு என்று கணக்குப் போட்டு வைத்தது. அது அணைவதற்குள் எங்களால் நடுத்திட்டு வரைதான் போக முடியும்.

அதனால் இரண்டு பச்சையில் கடக்கிறோம். முதல் பச்சையில் பாதி. பிறகு நடுத்திட்டில் ஏறி நின்று அடுத்ததற்காகக் காத்திருப்போம். இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிப் போகும். செல்வி விழுந்தது அந்தத் திட்டின் ஓரம்தான் என்கிறார்கள். மற்றவர்களுக்கு முழுச் சாலை கடக்கும் ஒரு பச்சை நேரம் எங்களுக்குப் பாதிச் சாலைதான். இப்போது எனக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கிறது. குளிக்க, உண்ண, ஒரு வாக்கியம் பேசி முடிக்க. அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பழகி, மற்றவர்கள் பேசும் வேகம் எனக்கு ஓட்டமாகக் கேட்கிறது.

நேற்று ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "ஏம்மா, புள்ளைய வச்சுக்கிட்டு நடுரோட்டுல என்ன வேடிக்கை?" என்று கத்திவிட்டுப் போனார். பச்சை விழுந்தது. படி இறங்கும்போது பலமில்லாத காலை முதலில் வைக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் தசைகளைப் பழக்குபவர்) சொல்லிக்கொடுத்திருக்கிறார். யாழினி என்னைப் பார்க்கவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை. குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள்.

"தூங்குற... காலு... முதல்ல" என்று அதனிடம் சொன்னாள். அது இறங்கும்வரை நான் நின்றேன்.