நூறு சதவீதம் காலி

கறுப்புத் திரை. மூலையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே ஒரு வரி. இருபது வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற எனக்கு அதைப் பார்த்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், ஆன் செய்ததும் எதற்குள் போக வேண்டும் என்று கேட்பது லினக்ஸ் போட்டு வைத்த கிரப். லினக்ஸை எடுப்பதானால், எது முதலில் திறக்க வேண்டும் என்கிற பூட் ஆர்டரை முதலில் விண்டோஸுக்கு மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கிரப் வழி தெரியாமல் நின்றுவிடும். தொழிலுக்கு வரும் எல்லாரிடமும் முதல் நாளே நான் சொல்வது இது. அன்றைக்கு அவசரத்தில் நானே மறந்தேன்.

இடம் தாராவியில் தோல் பைகள் தைக்கும் ஒரு பட்டறை. ஓனர் சாகுல் பாய், திருநெல்வேலிப் பக்கம். செம்பூரில் இருக்கும் என் கடைக்கு போன் போட்டு வரச் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, அந்த லினக்ஸத் தூக்கிருங்க. ஜாகா இல்ல, எடம் இல்லன்னு பில் போடுத சாஃப்ட்வேர் உசுர வாங்குது."

"அதுல ஏதாவது வேலை நடக்குதா பாய்?"

"ஒண்ணும் இல்ல. பாத்துட்டுதான் சொல்லுதேன். இந்தா பாருங்க, காலி."

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், லினக்ஸுக்கென்று பிரித்துவைத்த பார்ட்டிஷனுக்கு நேராக 'நூறு சதவீதம் ஃப்ரீ' என்று இருந்தது. விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததைக் காலி என்று சொல்லிவிடும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். லினக்ஸுக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஓனரே சொல்கிறாரே என்று டிலீட் கொடுத்தேன். மிச்சமான இடத்தை சி டிரைவோடு சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ரீஸ்டார்ட் போடுவது என் பழக்கம். போட்டதும்தான் அந்தக் கறுப்புத் திரை.

ஜிப் வாங்கப் போயிருந்த மைமூன் லாத்தா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். தோலை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று காட்டும் பேட்டர்ன் எல்லாம் அந்தப் பட்டறையில் அவர் போடுவது. லாத்தா என்றால் அக்கா. வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் அவர் லாத்தாதான்.

"என் லினக்ஸ் எங்க?"

சாகுல் பாய் விழித்தார். "அதுல என்ன லாத்தா இருக்கு?"

"நல்லாக் கேட்டீய. பதினோரு வருசத்துப் பேட்டர்ன் பூராவும் அதுலதான். இன்னைக்கி வெட்டணுமே ஆபீஸ் பை, அதுவும்."

நாலு பேர் தோலை விரித்து, கத்தியோடு காத்திருந்தார்கள். சாம்பிள் பையும் ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் போயிருந்தது. 

"நான்தான் லாத்தா அழிச்சேன். உள்ள போய்ப் பாக்கல" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"திரும்ப வருமா?"

"வரலாம். அது மேல இன்னும் எதுவும் எழுதல."

"அப்ப ஒங்க வேலையப் பாருங்க. நான் என் வேலையப் பாக்கேன்."

பார்ட்டிஷனை அழிப்பது, சால் என்கிற மும்பை வரிசைக் குடியிருப்பில் ஒரு வீட்டு வாசலிலிருந்து நம்பர் பலகையைக் கழற்றுவது மாதிரி. குடும்பம் உள்ளேதான் இருக்கும். சி டிரைவோடு சேர்த்திருந்தால் மட்டும் விண்டோஸ் அங்கே புதுக் குடித்தனம் வைத்திருக்கும். என் மானத்தை வாங்கிய கறுப்புத் திரைதான் அதைச் செய்யவிடாமல் தடுத்திருந்தது.

பென்டிரைவில் பூட் செய்து, தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் புரோகிராமை ஓட விட்டேன். இரண்டு மணி நேரம் காட்டியது.

லாத்தா பிரவுன் பேப்பரைத் தரையில் விரித்து, ஸ்டீல் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தார். அந்தப் பைக்கு இருபத்து மூன்று துண்டுகள். முன்பக்கம், மடிப்பு, உள் பாக்கெட் என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் அளவைச் சொல்லிக்கொண்டே வரைந்தார். தையலுக்கு விட வேண்டிய இடம்கூட விட்டுப்போகவில்லை. ரப்பர் பக்கத்திலேயே கிடந்தது. அதை அவர் தொடவே இல்லை. நான் ஸ்கிரீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரோகிராம் பார்ட்டிஷனைக் கண்டுபிடித்தது. பதினோரு வருஷமும் ஒரு ஃபோல்டர் குறையாமல் வரிசையாக வந்து நின்றது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சாகுல் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

ஆபீஸ் பை ஃபைலை பிரின்ட் எடுத்து, லாத்தாவின் காகிதங்கள்மேல் வைத்துப் பார்த்தேன். இருபத்து இரண்டு துண்டுகள் கோட்டுக்குக் கோடு பொருந்தின. லாத்தா வரைந்த தோள் வார்த் துண்டு மட்டும் அகலத்தில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. பாவம், மனுஷிதானே, இவ்வளவு நினைவிருந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

"வார் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கு லாத்தா."

எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல உள்ளதுதான் தப்பு. போன தடவ வார் அறுந்துதுன்னு பார்ட்டி கத்துனான். கூட்டிப் போடணும்னு நெனச்சேன், ஃபைல்ல மாத்த மறந்துட்டேன்."

 டிஸ்க் திருப்பித் தந்தது பழைய அளவு. சரியான அளவு அவரிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது.

லாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மூன்று மில்லிமீட்டரை ஃபைலில் கூட்டினார். எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அவர் வரையும் சாஃப்ட்வேர் விண்டோஸிலும் ஓடும். அதைப் போட்டு, ஃபைல்களைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ம். இப்ப லினக்ஸ எடுத்துக்கோங்க."

இந்தத் தடவை பூட் ஆர்டரை முதலில் மாற்றினேன்.

இப்போதும் இப்படி இரண்டும் இருக்கிற டூயல் பூட் மெஷின் வந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் ஓனரிடம் கேட்பதில்லை. அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் யாரோ, அவர் வரும்வரை கை வைப்பதும் இல்லை.