ஏரிக்கரையில் கூப்பிட்ட குரல்

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினேன். சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். டிக்கோயாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் எனக்கு வேலை. அன்று விடுமுறை. பத்து வயது மகனுக்கும் ஆறு வயது மகளுக்கும் நுவரெலியா டவுனைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மனைவி ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள்.

பிள்ளைகளோடு ஊர் பார்க்கப் போனால் நடக்கிற இடம் முதலில், கடைத்தெரு கடைசியில் என்பது என் முறை. கடைகளைக் கண்டுவிட்டால் வேறெதையும் பார்க்க மாட்டார்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தேன். பனி இறங்குமுன், மத்தியானத்துக்குள் ஏரியை முடித்துவிட நினைத்தேன். ஆனால் பஸ் தலவாக்கலையில் பழுதாகி நின்றுவிட்டது. தாமதமாகப் போய்ச் சேர்ந்து பூங்காவைப் பார்த்து முடிக்கும்போதே பொழுது சாய்ந்திருந்தது. ஏரியை விட்டுவிடலாம் என்றேன்.

"ஏரி காட்டுறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க" என்றாள் மகள்.

போனோம். கரையோர மரங்களுக்கிடையே குனிந்து மகனின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். நிமிர்ந்தபோது பனி மூடியிருந்தது. மகளைக் காணவில்லை.

தண்ணீர் கரையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. மகனின் கையை விடாமல், ஒவ்வொரு மரமாக நின்று "பாப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டுக் காது கொடுத்தேன். பதில் இல்லை. தண்ணீருக்குள் போயிருப்பாளோ என்று நினைத்தேன்.

"இப்படிக் கூப்பிட்டா அவ பேச மாட்டாப்பா" என்றான் மகன். "பனியில ஒருதரம் ரெண்டுதரம் கூப்பிடுறது மனுசங்க இல்லையாம். நின்ன எடத்துலயே மூணுதரம் கூப்பிட்டாத்தான் பேசணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

வீட்டில் அதைக் கேட்டுச் சிரித்தவன் நான். நின்ற இடத்திலேயே மூன்று முறை கூப்பிட்டேன்.

"இந்தா இருக்கேம்ப்பா."

நாங்கள் கடந்துவந்த மரத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தாள். பாவாடை ஈரமாகவில்லை.

"கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஒவ்வொரு மரத்துகிட்டயும் ஒருதரந்தானே கூப்பிட்டீங்க. அப்புறம் தண்ணிப் பக்கம் போயி ரெண்டுதரம் கூப்பிட்டீங்க. அங்கேருந்தே இன்னொருதரம் கூப்பிட்டா வரலாம்னு எந்திரிச்சு நின்னேன்."

"தண்ணிப் பக்கம் கூப்பிட்டது யாரு?"

"நீங்கதான். உங்க கொரலு."

மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நாங்கள் மர வரிசையைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கம் போகவே இல்லை. அங்கே வேறு யாரையும் பார்க்கவும் இல்லை.

கடைத்தெருவுக்குப் போகாமல் பஸ் ஏறினோம். இரண்டு பேரும் கடையைப் பற்றிக் கேட்கவில்லை. மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அடுப்பு மூட்டுவதற்கு முன், பிள்ளைகள் படுத்திருந்த அறை வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள், பேசவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டேன். போர்வைக்கு வெளியே அவள் இரண்டாவது விரலை மடக்கினாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டேன்.